பத்து மாதமா, நாற்பது வாரமா?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தைக் கடந்து மேலே ஏறும் சாலையில் கியா பார்ம் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் உயரமான இடம் அது. சாலையோரத்தில் காய்கறிச் சந்தை, சரிவெங்கும் காய்கறித் தோட்டங்கள், சற்றுத் தள்ளிச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். காய்கறி பயிரிடுவோரில் சீனர்கள் மிகுதி. தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். மலாய்க்காரர்களும் பூர்வக்குடியினரும் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றனர். இத்தகைய ஊரில் ஒரு பெண் கருவுற்றால், அவளுடைய மாதக் கணக்கு மூன்று மொழிகளில் நடக்கும்.

தமிழ்ப் பாட்டி 'பத்து மாதம்' என்பார். சீன அண்டை வீட்டாரும் பத்து மாதம் என்றே சொல்வர். அவர்கள் மொழியிலும் அது பழகிப்போன தொடர். மலாய்த் தோழி 'செம்பிலான் பூலான் செபூலோ ஹாரி' என்பார். ஒன்பது மாதம் பத்து நாள் என்பது அதன் பொருள். பள்ளியில் படிக்கும் தம்பி ஒன்பது மாதம் என்று அடித்துச் சொல்வான். சுகாதார கிளினிக்கின் தாதியோ மாதத்தையே விட்டுவிட்டு, 'நாற்பது வாரம்' என்று குறிப்பேட்டில் எழுதுவார்.

இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. ஒரே காலத்தை வெவ்வேறு அளவுகோல்களால் அளக்கிறார்கள். எனினும், மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டிய வேளை வரும்போது எந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கிறோம் என்பது ஒரு குழந்தையின் மூச்சையே தீர்மானிக்கக்கூடும்.

மருத்துவக் கணக்கு மிக எளிமையானது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள், நிறைமாதத்தின் நடுப்புள்ளியாகக் கொள்ளப்படுகின்றன. இதில் ஒரு விந்தை உண்டு. மாதவிலக்கு தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் சினைமுட்டை வெளிப்பட்டுக் கரு உருவாகிறது. ஆகவே, 'இரண்டு வாரக் கர்ப்பம்' என்று கணக்கில் எழுதப்படும் நாளில் வயிற்றில் கரு என்ற ஒன்றே இல்லை! கருவின் உண்மையான வயது 38 வாரம், அதாவது 266 நாள்கள்தாம். இந்த இரண்டு வார இடைவெளியை அறியாததால், "மருத்துவர் சொல்லும் கணக்கும் நம் கணக்கும் ஒத்துவரவில்லையே" என்று பல குடும்பங்கள் குழம்புகின்றன.

கரு உருவாகும் நாளிலிருந்தே எண்ணத் தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். அந்த நாள் யாருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை என்பதே விடை. மாதவிலக்கு வந்த நாளோ நினைவில் நிற்கும்; நாள்காட்டியில் குறித்தும் வைக்கலாம். நம் முன்னோரும் இதே வழியைத்தான் பின்பற்றினர். கருவுற்ற பெண்ணை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று கூறும் வழக்கு இன்றும் தோட்டப்புறங்களில் உண்டு. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கம் நின்றுவிட்டது என்பது அதன் கருத்து. 'நாள் தள்ளிப் போயிருக்கிறது' என்ற தொடரும் அதே தடயத்தைக் கொண்டுதான் பிறந்தது. கருவைக் கண்ணால் காணும் கருவிகள் இல்லாத காலத்தில், கண்டறியக்கூடிய ஒரே அடையாளத்தை அந்தச் சொற்கள் பற்றிக்கொண்டன.

பேறு நாளைக் கணிக்கும் வாய்பாடு ஒன்று இருநூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் பிரான்ஸ் நேகெலே என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் பின்னோக்கிச் சென்றால் அடுத்த ஆண்டின் பேறு நாள் கிடைத்துவிடும். கியா பார்மில் வாழும் ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கியது என வைத்துக்கொள்வோம். ஏழைக் கூட்டினால் ஏப்ரல் 14. மூன்று மாதம் பின்னே சென்றால் ஜனவரி 14. தைப்பொங்கலை ஒட்டிப் பிள்ளை பிறக்கும்!

இனி, நாள்காட்டியை எடுத்து ஏப்ரல் 7இலிருந்து 280 நாள்களை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 12 வரும். இரண்டு நாள் வேறுபடுகிறது. மாதங்கள் சில 30 நாளாகவும் சில 31 நாளாகவும் பிப்ரவரி 28 நாளாகவும் இருப்பதால், நேகெலேயின் வாய்பாடு தொடங்கும் மாதத்தைப் பொறுத்து 280 முதல் 283 நாள் வரை தரும். மலாய் மொழியின் 'ஒன்பது மாதம் பத்து நாள்' இதற்கு வெகு அருகில் நிற்பதைக் கவனிக்கலாம். நேகெலேயின் கணக்கு ஒன்பது மாதமும் ஏழு நாளும். மலாய் வழக்கு அதைவிட மூன்றே நாள் கூடுதல்.

அப்படியானால் 'பத்து மாதம்' மிகையா? மாதம் என்பதை நான்கு வாரமாக, 28 நாளாகக் கொண்டால், பத்து மாதம் மிகச் சரியாக 280 நாள்கள். நிலவு ஒரு நட்சத்திரத்தில் புறப்பட்டு அதே நட்சத்திரத்திற்குத் திரும்ப 27.3 நாளாகும், பத்து முறை சுற்றினால் 273 நாள்கள். அமாவாசைக்கு அமாவாசை எண்ணினால் ஒரு மாதம் 29.5 நாள், பத்து மாதம் 295 நாளாகிச் சற்றே கூடிவிடும். ஆனால் தமிழர்கள் மாதத்தை எண்ணும் முறையை மறந்துவிடக் கூடாது. ஒன்பது முடிந்து பத்தில் அடியெடுத்து வைத்தாலே 'பத்தாம் மாதம்' என்பது நம் வழக்கம். ஒன்பது மாதமும் சில நாள்களும் கழிந்து பிறக்கும் குழந்தை, பத்தாம் மாதத்தில் பிறந்த குழந்தைதான். பாட்டியின் கணக்கில் பிழையில்லை.

வாய்பாடு காட்டும் நாளிலேயே குழந்தை பிறந்துவிடுவது அரிது. நூறு குழந்தைகளில் நான்கைந்து குழந்தைகளே குறித்த நாளில் பிறக்கின்றன. 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சினைமுட்டை வெளிப்பட்ட நாளே துல்லியமாகத் தெரிந்த பெண்களின் கர்ப்ப காலம் கணக்கிடப்பட்டது. குறைமாதப் பேறுகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும், ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே 37 நாள் வரை வேறுபாடு காணப்பட்டது. எண்ணும் முறையில் குறையே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு! ஆகவே, பேறு நாளை ஒரு தேதியாக நினைப்பதைவிட, வரக்கூடிய சில வாரங்களின் நடுவில் நட்ட கல்லாக நினைப்பதே சரி. இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் அந்தக் கல்லுக்கு வெகு முன்னரே வந்துவிடுவர்.

அந்த வாரங்களுக்கு எல்லை உண்டு. 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. 37 முதல் 42 வாரம் வரை நெடுங்காலமாக 'நிறைமாதம்' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டது. இதனால் ஒரு தீங்கு நேர்ந்தது. 37ஆம் வாரமும் 40ஆம் வாரமும் ஒன்றே என்று பலர் எண்ணிவிட்டனர். 37இலேயே குழந்தையை எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் பரவியது. முன்கூட்டியே எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலும் பால் குடிப்பதில் சிரமமும் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். எனவே, 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அந்த ஐந்து வாரத்தைப் பிரித்துவிட்டனர். 37, 38ஆம் வாரங்கள் நிறைமாதத்தின் தொடக்கம். 39, 40ஆம் வாரங்களே முழு நிறைமாதம். 41ஆம் வாரம் நிறைமாதத்தின் பின்பகுதி. 42 நிறைந்துவிட்டால் காலம் கடந்த கர்ப்பம்.

நம்மிடையே அறுவைப் பேறு தேவைப்படும்போது நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறிக்கும் குடும்பங்கள் உள்ளன. மருத்துவர் ஒப்புக்கொள்ளும் நாள்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தால் கேடில்லை. நட்சத்திரத்திற்காக 39ஆம் வாரத்துக் குழந்தையை 37ஆம் வாரத்திற்கு இழுத்தால், பலன் சொன்ன சோதிடர் அல்லர், மூச்சுக்குப் போராடும் குழந்தையே அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசி வாரங்களில் வயிற்றுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? குழந்தை சும்மா பருத்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது தவறு. 35ஆம் வாரத்தில் குழந்தையின் மூளை, நிறைமாதத்தில் இருக்கவேண்டிய எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். எஞ்சிய ஒரு பங்கு அந்த நான்கைந்து வாரங்களில் வளர்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு படிவதும் அப்போதுதான். கியா பார்ம் போன்ற குளிர்ந்த ஊரில் இந்தக் கொழுப்பு சாதாரணமானதன்று. அதுவே குழந்தையின் முதல் கம்பளி. இரவில் பெரியவர்களே போர்வை தேடும் ஊரில், கொழுப்பில்லாத குறைமாதக் குழந்தையின் உடல் வெகு விரைவில் வெப்பத்தை இழந்துவிடும்.

அத்தகைய குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்து வைப்பது மிகச் சிறந்த வெப்பமூட்டும் முறையாகும். தென் அமெரிக்காவில் கொலம்பிய நாட்டின் தலைநகரான போகோட்டாவில், அதுவும் ஒரு மலைநகரே, 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் இம்முறையைத் தொடங்கினார். மருத்துவமனையில் வெப்பப் பெட்டிகள் போதாத நெருக்கடி அவரை அந்த வழிக்குத் தள்ளியது. கங்காரு முறை என்று பெயர் பெற்ற அதனைப் பிறந்த உடனேயே தொடங்கலாம் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

மூளை, கொழுப்பு ஆகியவற்றினும் அவசரமானது நுரையீரல். நுரையீரலின் நுண்ணறைகள் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வழவழப்பான ஒரு பொருள் அவற்றின் உட்புறத்தில் பூசப்பட்டிருக்க வேண்டும். கருவின் உடலில் அது 24ஆம் வாரத்தையொட்டி ஊறத் தொடங்கினாலும், போதிய அளவு சேர்வதற்கு 35 வாரமளவில் ஆகிவிடும். 1963 ஆகஸ்ட்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. பேட்ரிக் என்று பெயரிட்டார்கள். நுரையீரல் முதிராத அக்குழந்தை 39 மணி நேரமே வாழ்ந்தது. உலகின் செல்வாக்கு மிக்க தந்தையாலும், மிகச் சிறந்த மருத்துவமனையாலும் அந்த ஐந்தரை வாரத்தை ஈடுசெய்ய முடியவில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து விடை நியூசிலாந்தின் ஆட்டுப் பட்டியிலிருந்து வந்தது. ஆக்லாந்து நகர மருத்துவர் கிரகாம் லிகின்ஸ், பேறு வலி எதனால் தொடங்குகிறது என்பதைச் செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டிகளில் ஒன்று, பிழைக்கவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்தும் மூச்சு விட்டது. அதன் நுரையீரல் காலத்துக்கு முன்பே முதிர்ந்திருந்தது. லிகின்ஸ், குழந்தை மருத்துவரான ரோஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைமாதப் பேறு நேரவிருந்த தாய்மார்களுக்கு அம்மருந்தை ஊசியாகச் செலுத்திச் சோதித்தார். 1972இல் முடிவு வெளியானது. மூச்சுத் திணறலும் இறப்பும் குறைந்திருந்தன. இன்று உலகெங்கும், பொதுவாக 24 முதல் 34 வாரத்திற்குள் பேறு நேரும் அபாயமுள்ள தாய்க்கு இந்த ஊசி போடப்படுகிறது. ஊசி போட்டு ஒரு நாளாவது கடந்த பின் குழந்தை பிறந்தால் முழுப் பயன் கிடைக்கும். ஆனால் இன்றைக்கு எத்தனையாவது வாரம் என்று தெரிந்தால்தானே போடலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்?

'ஏழாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தால் பிழைக்காது' என்ற நம்பிக்கை தமிழரிடையே வேரூன்றியுள்ளது. நமக்கு மட்டும் உரியதும் அன்று அது. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றிய அதே அச்சம் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் உண்மை அதற்கு நேர்மாறானது. குழந்தை கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரல் சற்றே முதிர்கிறது. பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிட வலுவானது. எட்டாம் மாதத்தில் வலி கண்ட தாயை 'இனி என்ன செய்வது' என்று வீட்டிலேயே வைத்திருப்பது, காப்பாற்றக்கூடிய உயிரைக் கைவிடுவதாகும்.

கியா பார்மிலிருந்து புறப்பட்டால் கேமரன் மலை மாவட்டத்தின் அரசு மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் இத்தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பதில் பயனில்லை. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் கியா பார்ம் சந்தைக்கு முன்னால் வாகனங்கள் வரிசைகட்டி நின்றுவிடும். மருத்துவமனைக்குப் போக ஐந்து நிமிடம் ஊர்ந்து பத்து நிமிடம் நிற்க வேண்டிய நாள்களும் உண்டு. வலுவான சிறப்பு மருத்துவம் தேவைப்பட்டால், வளைந்து வளைந்து தாப்பாவுக்கோ சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கோ இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சாலைகளில் மண் சரிவதும் உண்டு. 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளை வெள்ளமும் சேறும் தாக்கியதை மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு 37ஆம் வாரம் நிறைவது டிசம்பர் 22. ஆண்டிறுதி விடுமுறைக் கூட்டம் மலையேறும் நேரம் அது. அன்றிலிருந்து எந்த நாளும் வலி எடுக்கலாம் என்று அறிந்த குடும்பம், வண்டிக்கு முன்பே சொல்லி வைத்துவிடும். துணிப்பையையும் எடுத்து வைத்துவிடும். வழியில் தங்க உறவினர் வீடு உண்டா என்றும் யோசிக்கும்.

இந்தக் கணக்கைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் சுகாதார கிளினிக்கில் ஒரு பதிவுப் புத்தகம் தரப்படுகிறது. அதில் பேறு நாளும் ஒவ்வொரு வருகையிலும் வாரக் கணக்கும் குறிக்கப்படும். தாயின் நிலைக்கேற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வண்ணக் குறிகள் ஒட்டப்படும். வெள்ளை என்றால் சிக்கல் ஏதுமில்லை, தாதியே கவனித்துக்கொள்வார். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை.

20 வாரத்திற்குப் பின் தாதி அளவுநாடாவால் வயிற்றை அளப்பதைப் பலர் பார்த்திருப்பர். அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ ஏறத்தாழ அத்தனை வாரம். 28 வாரத்தில் 28 சென்டிமீட்டர். எளிய நாடா, ஆனால் வளர்ச்சி குன்றினாலோ தேதி பிசகினாலோ முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். மாதவிலக்கு நாள் நினைவில்லை என்றாலோ, அது ஒழுங்காக வருவதில்லை என்றாலோ, ஸ்கேன் எடுக்க வேண்டும். முதல் மூன்று மாதத்திற்குள் எடுக்கும் ஸ்கேன் ஒரு வாரத்திற்குள் துல்லியமாகச் சொல்லும். கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் இரண்டு, மூன்று வாரம்கூடத் தவறலாம். ஏனெனில், தொடக்கத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. பிற்பாடு பெற்றோரைப் போலச் சில பெரியனவாகவும் சில சிறியனவாகவும் ஆகிவிடுகின்றன. நாள் தள்ளிப் போனதும் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும் என்று தாதியர் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 'வயிறு தெரியட்டும், போகலாம்' என்று காத்திருந்தால் சரியான கணக்கைப் பிடிக்கும் வாய்ப்பு நழுவிவிடும்.

வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இந்தத் தேதி வேறொரு வகையிலும் தேவைப்படுகிறது. 2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டின் தொழிலாளர் சட்டப்படி பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பேற்றுக்கு முந்திய 30 நாளுக்கு முன்னதாக அதைத் தொடங்க இயலாது. மலைச்சரிவில் நின்று வேலை செய்யும் பெண் எப்போது ஓய்வுக்குச் செல்லலாம் என்பதும் அந்த வாரக் கணக்கில்தான் தொங்குகிறது.

காலம் கடந்த கர்ப்பத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு. "பிள்ளை வரும்போது வரட்டும்" என்று விட்டுவிடுவோரே அதிகம். நஞ்சுக்கொடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. 42 வாரத்தை நெருங்கும்போது அது தளர்ந்து, குழந்தைக்கு வேண்டிய உயிர்வளியும் உணவும் குறையத் தொடங்கலாம். பனிக்குட நீரும் வற்றலாம். வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறக்கும் அபாயம் அப்போது ஏறுகிறது. குழந்தையின் அசைவு குறைந்தால், எந்த வாரமாக இருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏப்ரல் 7இல் எண்ணத் தொடங்கிய அந்தப் பெண்ணுக்குப் பொங்கல் கழிந்து ஜனவரி 19இல் 41 வாரம் நிறைகிறது, 26இல் 42. வலி தானாக வரவில்லை என்றால், அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே காத்துக் கிடக்காமல், தாதி அவளை மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்; அங்கே மருந்து கொடுத்து வலியை வரவழைப்பார்கள்.